எவ்வளவு இழுக்குது

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு குட்டி ரயில் இருக்கிறது. பொம்மை என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பலகையில் காகிதக் கூழால் எங்கள் ஊர் மலையைச் செய்து, அதைச் சுற்றித் தண்டவாளம் போட்டார். வண்டி மலையை வலமாகத்தான் வரும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் இடமாக ஓடும். ஒரு நாளும் அப்படி விட்டதில்லை.

மாதம் ஒரு முறை, வண்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளப்பார். மீட்டரைப் பிடிப்பது நான். பலகை ஓரத்தில் பென்சிலால் எழுதுவது அவர். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண்ணில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

"நல்லா இருக்கற வண்டி கம்மியா இழுக்கும். கஷ்டப்படறதுதான் ஜாஸ்தி இழுக்கும்" என்பார்.

கடைசிப் பத்து நாள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னும் இழுத்துக்கினுதான் இருக்காரா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

"எத்தினி ஆம்பியர்னு பார்த்துச் சொல்லி அனுப்பு" என்றார் என்னிடம்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அவர் போன பிறகு தினமும் பலகையைத் துடைத்து, வண்டியை ஒரு சுற்று விடுவேன். வருஷம் திரும்புகிற நேரத்தில் அது நின்றுவிட்டது. மீட்டரை எடுக்க எனக்குத் துணிவில்லை. பூஜ்யம் காட்டிவிட்டால்?

வேங்கிக்காலில் இருக்கும் மகன் ஸ்குரூ டிரைவரோடு வந்தான். ஊரில் இருக்கும் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறையை வாடகைக்கு விடலாம், பலகையைக் கழற்றிவிடலாம் என்றான். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான். என்ஜின் முனகியது, நகரவில்லை.

"மோட்டார் செத்துப்போச்சும்மா."

"அளந்து பார்த்துட்டுச் சொல்லு."

மீட்டரின் இரண்டு முனையையும் இரண்டு தண்டவாளத்தின் மேல் வைத்தான். பட்டென்று மீட்டரின் ஃபியூஸ் போனது.

"காலேஜுல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களாடா? கரண்ட் மீட்டருக்குள்ள பூந்து போவணும். குறுக்கால வெச்சா எரியத்தான் எரியும்."

"எனக்கு எங்கம்மா தெரியும்? நீயும் அப்பாவும்தான் எந்நேரமும் இங்க குந்திக்கினு இருப்பீங்க."

புது ஃபியூஸ் போட்டேன். தண்டவாளத்துக்குப் போகிற ஒயர் ஒன்றைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கொடுத்தேன். அவர் கடைசியாக எழுதியிருந்தது 0.30. மீட்டர் 0.90 காட்டியது.

"இழுக்குது பாரு. செத்தது இழுக்காதுடா."

என்ஜினைக் கவிழ்த்தேன். சக்கரத்தின் அச்சில் நீளமான நரைமுடி இறுகச் சுற்றியிருந்தது. என்னுடையதுதான். குனிந்து குனிந்து துடைத்தேனே, அப்போது விழுந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன்.

வண்டி மலையை வலமாக வந்தது. மூன்று சுற்று, நான்கு சுற்று. எண் இறங்கி 0.32-இல் நின்றது.

மகன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். பென்சிலை எடுத்து நீட்டினான்.

"நீயே எழுதும்மா."

அவர் எண்ணுக்குக் கீழே எழுதினேன்.