நார்பர்ட்டின் கை நடுங்கவில்லை

அப்படியெல்லாம் இல்லை. நார்பர்ட் டால்க்கியின் கையும் நடுங்கவில்லை, கண்ணும் மங்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குச் சாப்பாட்டுக் கடையில் கூடி உட்கார்ந்து, பிராந்திக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு யார் என்ன பேசினாலும் சரி, நடந்தது வேறு.

அமெரிக்காவில், வடக்கு விஸ்கான்சினில் காலமெல்லாம் பால் லாரி ஓட்டிய மனிதர் அவர். பனிப்புயலில்கூட ஒரு வேலிக்கம்பத்தை இடித்ததில்லை. அவரிடம் இருந்தது அப்பாவின் துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக். குறி பார்க்கத் தெரியாதவன் சடசடவென்று சுட்டுத்தள்ளும் சாமான் என்று அதை நினைப்பவர்கள் உண்டு. தப்பு. விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டுதான். வெடித்த வாயுவின் வேகத்திலேயே அது வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். மற்றவற்றில் அதைக் கையால் இழுத்துச் செய்ய வேண்டும். தோளில் உதையும் கொஞ்சம் குறைவு. நார்பர்ட்டின் அப்பாவுக்கு நடுக்குவாதம் வந்தபோது அதற்காகத்தான் வாங்கினார். ஊர் வாய்க்கு இது போதாதா?

அந்த நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய காலை, மரப்பரணிலிருந்து நார்பர்ட் ஒரு பெரிய கொம்பு மானைச் சுட்டார். குண்டு எங்கோ போனது. மறுபடி சுட்டார். மான் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. குறி தவறியவரின் சட்டை வாலை வெட்டி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அவர்கள் வழக்கம். கத்தரியை எடுத்தவன் அவர் மனைவி லவானின் தம்பி ஓர்வில்.

“என்ன மச்சான், அப்பா துப்பாக்கியோட அப்பா கையும் சேந்து வந்துடுச்சா?” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நார்பர்ட்டும் சிரித்தார்.

வீடு வந்ததும் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. காப்பிக் கோப்பையைத் தூக்கி அதன் விளிம்பையே பார்ப்பார். பார்க்கப் பார்க்க அது ஆடுவது போலவே இருக்கும். அப்பாவுக்கு லவான் சூப் ஊட்டிய நாட்கள் நினைவுக்கு வரும். டாக்டரிடம் போக மறுத்தார். லாரி ஓட்டுவதை விட்டுவிடலாமா என்று யோசித்தார். துப்பாக்கியை வாங்கிக்கொள்ள ஆள் தேடினார்.

பனி உருகிய பிறகு லவான் காட்டுப்பூண்டு பறிக்கப் போனாள். பரணுக்கு வலப்பக்கம் தள்ளி, சருகுக்குள் இரண்டு பித்தளைக் கூடுகள் கிடந்தன. பூண்டோடு சேர்த்து அவற்றையும் சமையலறை மேசையில் கொட்டினாள்.

“இது உங்களோடதா? குட்டையா, வாயைப் பொளந்துட்டுல்ல இருக்கு.”

நார்பர்ட் அடிப்பக்கத்தைத் திருப்பினார். முன்னூற்றெட்டு என்று பொறித்திருந்தது. அவருடைய துப்பாக்கிக்கு உரியது முப்பது-ஆறு. முப்பது என்பது குண்டின் பருமன், ஒரு அங்குலத்தில் ஏறத்தாழ நூற்றில் முப்பது பங்கு. ஆறு என்பது அமெரிக்கப் பட்டாளம் அதை எடுத்துக்கொண்ட 1906-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் நல்ல வெடிமருந்து வந்ததால், கூட்டைக் குட்டையாக்கிச் செய்ததுதான் முன்னூற்றெட்டு. குண்டின் பருமன் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் குட்டைத் தோட்டா நெட்டையின் இடத்தில் நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆனால் கூட்டின் கழுத்துக்கு அங்கே பிடிப்பில்லை. அது உப்பிப்போகும், குண்டு தன்னிஷ்டத்துக்குப் போகும். கெட்ட நேரமானால் சுட்டவர் முகத்திலேயே வெடிக்கும்.

குடிசைக்குள் யாரும் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கொண்டுபோவதில்லை. வாசலிலேயே தோட்டாக்களை எடுத்து, கதவோரக் காப்பி டப்பாவில் போட்டுவிடுவார்கள். எல்லாரும் முப்பது-ஆறு வைத்திருந்தவரை வம்பில்லை. அந்த வருஷம் ஓர்வில் முன்னூற்றெட்டில் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான். வேட்டைக்கு முந்தின நாள் குறி சரிபார்த்துவிட்டு வந்து, மீந்த தோட்டாக்களைப் பழக்கத்தில் அதே டப்பாவில் போட்டான். விடியுமுன் கையுறையோடு அள்ளியவர் நார்பர்ட். கையால் இழுக்கும் துப்பாக்கியானால் கூடு பக்கத்திலேயே விழுந்து கண்ணில் பட்டிருக்கும். இது தூரப் பனிக்குள் வீசிவிட்டது.

நார்பர்ட் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நடுங்கல, லவான்.”

“குளிர்காலம் பூரா நான் அதத்தானே சொன்னேன். பித்தளை சொன்னாத்தான் கேப்பீங்க போல.”

அந்த வெள்ளிக்கிழமை நார்பர்ட்டோடு மீன் வறுவலுக்குப் போனபோது அவள் கைப்பையில் கத்தரி இருந்தது. ஓர்வில் தட்டருகே கூடுகளை வைத்தாள். அடிப்பக்கத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“எந்திரிடா. திரும்பு.”

“அக்கா, இது சர்ச்சுக்குப் போடுற சட்டை.”

“அதான் வேணும்.”

அவன் எழுந்து திரும்பி நின்றான். துணி கிழிபடும் சத்தத்தில் கடை முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. “உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலையே மச்சான், அது போதும் எனக்கு,” என்றான்.

அடுத்த நவம்பருக்குள் துப்பாக்கி செப்பனிடுபவர் உள்ளெல்லாம் சோதித்து, பழுதில்லை என்று சொல்லியிருந்தார். வேட்டை தொடங்கும் காலை நார்பர்ட் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். சமையலறை விளக்கடியில் ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் படித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். லவான் வேண்டுமென்றே காப்பியை விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் பார்க்காமலே குடித்து முடித்தார், துப்பாக்கியை எடுத்தார், கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கி நடந்தார்.