சோற்றுக்குப் பிறகு சேதி

"நான் சாப்பிட்டாச்சுண்ணே! வயிறு முட்ட தோசை தின்னாச்சு. சொல்லுங்க, யாரு போனது?"

தேக்கா மார்க்கெட்டில் கீரைக்கட்டுகளுக்குப் பின்னால் இருந்து பூவம்மா இப்படிக் கத்தியபோது, சவரிராஜ் எதுவுமே கேட்டிருக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"யாரும் போகல பூவம்மா. முருங்கைக்கீரை வாங்க வந்தேன்."

"அப்பாடா! உங்க சைக்கிளப் பாத்தாலே யாரு வீட்டுச் சாவோன்னு இருக்குதுலா. தூரத்துலயே சொல்லிட்டு வரக்கூடாதா, கீரைக்குத்தான் வர்றேன்னு?"

பக்கத்துக் கடை ஜமால் முகம்மது வெங்காயத்தைப் புடைத்தபடியே, "கழுத்துல ஒரு போர்டு மாட்டிக்குங்க அண்ணே!" என்றார். சவரிராஜும் சிரித்துவிட்டார்.

அவர் ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் மணி அடிக்கிறவர். ஐம்பதுகளில் யார் வீட்டில் டெலிபோன் இருந்தது? கோயிலைச் சேர்ந்த யாராவது இறந்துபோனால், சொந்தக்காரர் வீடுகளுக்குச் சேதி கொண்டுபோவது அவர்தான். போகிற வீட்டில் முதலில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் அசையாமல் உட்கார்ந்துகொள்வார். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் வாயைத் திறப்பார். இது ஊருக்கே தெரிந்துபோனதால், அவர் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்.

ஏன் அப்படி என்று மனைவி அல்போன்சம்மாளுக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் அவருடைய அம்மா செத்தபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். அன்றைக்கு ஆளாளுக்கு, வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். அவரும் தங்கச்சியும் அடக்கம் முடிகிற வரை பட்டினி. பசியில் தங்கச்சி அழுத அழுகை அவர் காதிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தால் வரவில்லை. பசிதான் வந்தது.

"பசியோட இருக்குற யாருக்கும் நான் சாவு சொல்ல மாட்டேன்" என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னார். சொன்னபடியே வாழ்ந்தார்.

அறுபத்துநாலில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் வந்தது. ஊரடங்கு போட்டார்கள். பகலில் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள், ஜனங்கள் அரிசிக்கும் மீனுக்கும் ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் விடியற்காலையில் கோயிலைச் சேர்ந்த அந்தோனியம்மாளின் அப்பா, ராத்திரி திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் மாரடைப்பில் போய்விட்டார். மறுபடி ஊரடங்கு தொடங்குவதற்குள் பிடாடரி கல்லறையில் அடக்கம் முடிய வேண்டும். மகளுக்குச் சொல்ல சவரிராஜ் குவீன்ஸ்டவுனுக்குச் சைக்கிளை மிதித்தார்.

அந்தோனியம்மாளுக்கு அது ஐந்தாவது மாதம். புருஷன் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். தனியாக இருந்தவள் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். கோயில் ஆள் ஒருவர் கண்ணில் பட்டதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

"வாங்க மாமா! எப்படி வந்தீங்க இந்த கர்ஃபியூல?"

"சாப்டியாம்மா?"

அவள் வெளியூரில் வளர்ந்து, கல்யாணமாகி நேரே குவீன்ஸ்டவுனுக்கு வந்தவள், கோயிலுக்குப் பூசைக்கு மட்டுமே வருவாள். தேக்காக்காரர்களுக்குத் தெரிந்த பயம் அவளுக்குத் தெரியாது.

"எங்க மாமா! நேத்துலேர்ந்து வெறும் காப்பிதான். இப்பத்தான் இக்கான் பிலிஸ் கெடச்சுது. ஒல வெச்சிருக்கேன், நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்."

சவரிராஜ் கதவைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி, நேற்றிலிருந்து பட்டினி. சொல்லிவிட்டால் இனி ஒரு பருக்கை இறங்காது. உட்கார்ந்தார்.

சோறு வெந்தது. அந்த இக்கான் பிலிஸ் நெத்திலியை வறுத்தாள். அவருக்கும் தட்டு வைத்தாள். "இந்த மொறுமொறுப்பு எங்கப்பாவுக்கு உசிரு மாமா. கர்ஃபியூ எடுத்ததும் வர்றேன்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தபடி சாப்பிட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் கை கழுவி வந்த பிறகு சொன்னார்.

டாக்ஸி கிடைப்பதற்கே நேரமாகிவிட்டது. வழியில் போலீஸ் மறித்து விசாரித்தது. பிடாடரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். குழிவெட்டி ஒருவன் மட்டும் மண்வெட்டியின் பின்பக்கத்தால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அந்தோனியம்மாள் அழவில்லை. ஈர மண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்: "யாரைக் கேட்டு மாமா என்னைச் சாப்பிட வெச்சீங்க?"

சவரிராஜ் குனிந்து குழியோரத்து மண்ணைக் கையால் ஒதுக்கினார்.

"பட்டினியா வந்திருப்பேனே. எங்கப்பா மொகத்தைப் பாத்திருப்பேனே. உங்க பசியை ஏன் மாமா எந்தலையில வெச்சீங்க?"

அவருடைய கதை அவளுக்குத் தெரியாது. கோபத்தில் வந்த பேச்சுதான். ஆனால் அது நேராக வந்து அடித்தது. இத்தனை காலமும் ஊராருக்குச் சோறு போட்டதாக நினைத்திருந்தார். அந்தப் பழைய வீட்டில் அழுத தங்கச்சிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாரோ என்று அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

மறுநாளே சாமியாரிடம் போய், "மணி மட்டும் அடிக்கிறேன் சாமி. சேதிக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டதில்லை. அல்போன்சம்மாளைக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு அது பெரிய குறை. "ஊருக்கெல்லாம் கேட்ட வாய், எனக்கு மட்டும் அடைச்சுப்போச்சு" என்பாள்.

அந்தோனியம்மாள் பெண் குழந்தை பெற்றாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பூசைக்கு வருவாள், அவர் பக்கம் திரும்ப மாட்டாள்.

சில வருஷம் கழித்து அல்போன்சம்மாளுக்கு ஈரல் கெட்டுப்போய் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாள் விடிந்ததும் சவரிராஜ் கஞ்சி காய்ச்சினார். தூக்குச்சட்டியில் அவளுக்கு ஊற்றி மூடிவிட்டு, மிச்சத்தைத் தன் கிண்ணத்தில் ஊற்றி உட்கார்ந்தார். வாசலில் நிழல் தட்டியது. ஆயா உடுப்போடு அந்தோனியம்மாள் நின்றாள். கண் சிவந்திருந்தது.

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அவள் உள்ளே வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், மூடி வைத்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"மாமா, சேதி கொண்டாந்திருக்கேன். இப்பவே சொல்லவா, சாப்பிட்டப்புறம் சொல்லவா? நீங்களே சொல்லுங்க, நான் முடிவு பண்ண மாட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்குக் கர்ஃபியூ இல்ல மாமா. நேரம் இருக்கு" என்றாள்.

சவரிராஜ் தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அந்தக் காலையில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"உக்காரும்மா. நான் இன்னும் சாப்பிடல. அவளுக்கும் சேத்துத்தான் காய்ச்சினேன்."