அவர் கையில் நான் அவிழ்த்த காப்பு

என் வீட்டுக்காரரை நானே சாகடிக்கப் பார்த்தேன். அதுவும் சாமி பேரைச் சொல்லி. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற தாய்மார்களே, இதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில் ஆரம்பித்தது. அவர் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள், அவளையும் மேலூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்றுக்குப் போகச் சிரமப்படுகிறார் என்று மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சூடு பிடித்திருக்கும், நாலு இளநீரில் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி உண்டாம். அதில் புற்று என்றார்கள். அறுத்து எடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது என்றார்கள்.

ஐப்பசியில் ஆபரேஷன். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு வராந்தாவில் நின்று நம் மாரியம்மனிடம் வேண்டினேன். ஆத்தா, இந்த மனுஷனை உயிரோடு கொடு, வருகிற பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி அவர் தலையிலேயே பால்குடம் வைத்து உன் வாசலுக்குக் கூட்டி வருகிறேன் என்று. அவரை நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் அவர் இல்லை. வேண்டியது நான், சுமக்க வேண்டியது அவர். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

ஆத்தா உயிரைக் கொடுத்தாள். ஆனால் மூத்திரம் போக மாட்டியிருந்த குழாயை எடுத்த நாளிலிருந்து அவருக்கு மூத்திரம் நிற்கவில்லை. இருமினால் போகும். தும்மினால் போகும். குனிந்து செருப்பை மாட்டினால் போகும். நாளாக நாளாகக் குறையும், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு வேறு ஏதோ பேசினார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய வேட்டியைக் கிழித்துத் துணி மடித்து வைத்துக்கொள்வார். அதை என்னைத் துவைக்க விடமாட்டார். கொல்லையில் உட்கார்ந்து அவரே அலசி, யாருக்கும் தெரியாமல் மாட்டுக்கொட்டகைக்குள் காயப் போடுவார். தை மாதம் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் மத்தியானமே சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். நேரே கொல்லைக்குப் போய்த் துணியை அலச உட்கார்ந்துவிட்டார். அதோடு வேலை போச்சு.

பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போய்விட்டார். கையைத் தொட்டால் உதறினார். மகள் வீட்டுக்குப் போய் இருந்துகொள் என்றார். ஒரு கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, டீக்கடை கூடக் கிடையாது. எனக்கு வாய் நீளம், உங்களுக்கே தெரியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கத்திவிட்டேன், பச்சைப் பிள்ளை கூட இப்படி மூலையில் கிடக்காது என்று. அவர் திருப்பிக் கத்தியிருந்தால் பரவாயில்லை.

"அன்னைக்கு ஆபரேசன் மேசையிலேயே போயிருக்கணும் புள்ள" என்றார். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நான் அழுத அழுகை அடுப்புக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார், ஆனால் எனக்கு இல்லை. என்னைக் கண்டாலே வெறுப்பாகிவிட்டது என்று நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? பெற்ற மகளிடம் சொல்கிற விஷயமா? ஆத்தா, அந்த ஒழுக்கை மட்டும் நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

பங்குனி வந்தது. ஊரில் காப்புக் கட்டு என்று தமுக்கடித்துச் சாட்டினார்கள். நேர்த்திக்கடனைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"ஈரத் துணியோட சாமி குடத்தத் தொடவா? நடுரோட்டுல, ஊரே பாக்க நனைஞ்சு நிக்கவா?" என்று கேட்டார்.

நான் விட்டேனா? சாமி வாக்கு, மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது, மகள் வயிற்றில் வேறு பிள்ளை இருக்கிறது என்று பயமுறுத்தினேன். மகள் பேரைச் சொன்னதும் எழுந்து வந்து பூசாரி முன்னால் கையை நீட்டினார். மஞ்சள் கொம்பு வைத்த காப்புக் கயிறு கட்டியாயிற்று. காப்புக் கட்டினவர் பொங்கல் முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மறுநாளிலிருந்து கடும் விரதம் இருக்கப் போகிறேன் என்றார். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் இரண்டு வாய். பகலில் தண்ணீர் கிடையாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆத்தா அவர் மனசைத் திருப்பிவிட்டாள் என்று குழாயடியில் நின்று வருகிறவள் போகிறவளிடமெல்லாம் சொன்னேன். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, உதடு வெடித்துக் கிடக்கிறது, நான் விரதத்தின் மகிமை என்று பேசிக்கொண்டு திரிகிறேன்.

ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் அடித்தது. தூக்கிப் போட்டது. பங்குனி மாதத்தில், காப்புக் கட்டின உடம்பில் காய்ச்சல் என்றால் நாம் என்ன நினைப்போம்? ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். வேப்பிலையைப் பரப்பிப் படுக்க வைத்தேன். அம்மை முத்து எங்கே போடுகிறது என்று நெஞ்சையும் முதுகையும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் நினைப்பே வரவில்லை. அம்மை கண்ட வீட்டில் ஊசி போடுவார்களா? ஒரு நாள் முழுக்க இப்படியே விட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. வேட்டி மாற்றலாம் என்று அவிழ்த்தேன். அவருக்குத் தடுக்கத் தெம்பில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தத் துணி என் கைக்கு வந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தாய்மார்களே, நான் அந்த இடத்திலேயே கும்பிட்டேன். நின்றுவிட்டது, ஆத்தா கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அந்தச் சந்தோஷத்தோடு அவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று தூக்கினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"வேணாம் புள்ள. நனைஞ்சுரும். குடம் எடுக்கணும்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது விரதம் இல்லை. ஊர் முன்னால் வேட்டி நனையாமல் இருக்க மனுஷன் தன் உடம்பைக் காயப் போட்டிருக்கிறார். நான் சுமத்தின குடத்துக்காக.

சாமி படத்துக்கு முன்னால் விழுந்தேன். மந்திரம் வரவில்லை, பாட்டு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஆத்தா, அவரக் கேக்காம அவரு உடம்ப உனக்கு எழுதிக் குடுத்தது நானு. கோவம்னா என்னைக் கேளு. ஒழுகுனா ஒழுகிட்டுப் போகட்டும். எனக்கு என் மனுசன் வேணும். வழி விடு தாயி."

எழுந்து வந்து அவர் கையில் இருந்த காப்பை அவிழ்த்தேன். பூசாரி அவிழ்க்க வேண்டியது. முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க, தேனி ரோட்டுக்குக் கொண்டுவந்து புளியமரத்தடியில் சாய்த்தோம். உச்சி வெயில். பஸ்ஸைக் காணோம். போகிற லாரி எதுவும் நிற்கவில்லை. இங்கேயே போய்விடுவார் என்று நினைத்தேன். அப்போது பல்கலைக்கழகத்தில் யாரையோ இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய டாக்சி ஒன்று, நான் கை காட்டுவதற்கு முன்னாலேயே நின்றது. ஏறுங்கக்கா என்று டிரைவர் கதவைத் திறந்தார். அந்த வெயிலில் அந்த டாக்சியை யார் அனுப்பியது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாமல் மூத்திரம் வற்றி, சீழ் பிடித்து, அந்த விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் தாண்டியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன், பார்ப்போம் என்றார்கள். இரண்டு நாள் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காப்பை அவிழ்த்த பாவம் என்று ஒரு மனசு சொல்லும். கட்டினதுதான் பாவம் என்று இன்னொரு மனசு சொல்லும்.

மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தார். ஊரில் அன்றைக்குத்தான் பொங்கல். படுக்கை நனைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி தேம்பினார். ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னார். டாக்டர் அன்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதானாம்: இனிமேல் புருஷன் பொண்டாட்டி உறவு அநேகமாக இருக்காது.

"உனக்கு நான் இனி எதுக்கு? அதான் ஒதுங்கிக்கிட்டேன்" என்றார்.

எனக்கு வருத்தமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இந்த ஆறு மாதமும் என்னை வெறுத்துவிட்டார் என்றல்லவா நான் செத்துக்கொண்டிருந்தேன்?

"பக்கத்துல படுத்துக்கிட்டு நாலு வார்த்தை பேச ஆளு வேணும் எனக்கு. அதுக்கு நீங்க போதும். துணிய இனி நாந்தான் தொவைப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன். நர்ஸ் வந்து விரிப்பை மாற்றப் போனார். நான் வாங்கி நானே மாற்றினேன். அவர் தடுக்கவில்லை.

வீடு திரும்பியதும் பாய் முன்னறைக்கு வந்தது. பயந்துகொண்டே பூசாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, வேண்டினவள் நீதானே, நீயே எடு தாயி என்றார். அடுத்த பங்குனியில் என் கையில் காப்புக் கட்டி என் தலையில் பால்குடம் எடுத்தேன். அதற்குள் அவருக்கு ஒழுக்கு முக்கால்வாசி குறைந்திருந்தது. ஆனாலும் துணி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. வீட்டிலேயே இருங்கள் என்றேன். வாசல் வரை வந்தவர், தெருமுனை வரை வந்தார், அப்புறம் கூடவே நடந்தார்.

வீட்டுக்கு வீடு குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கு ஊற்றியது அவர்மேலும் விழுந்தது. தலை, சட்டை, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து போனார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

"இன்னைக்கு ஊரே நனைஞ்சுதான் புள்ள நிக்குது" என்றார்.

ஒழுக்கை நிறுத்து என்று நான் கேட்டேன். ஆத்தா என் மனுஷனைத் திருப்பிக் கொடுத்தாள். எதைக் கேட்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் பேசாமல் பாயைத் தனியாகப் போட்டிருக்கலாம். அவருக்காக வேண்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு வந்து அம்மன் முன்னால் வாய்விட்டு அழுங்கள், அவள் காது கொடுப்பாள். உங்களிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், என் வீட்டுக்காரரிடம் பேசட்டும். இவர் சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்துவிடுவார்.