தவக்காலத்தில் திறந்த போத்தல்

கலியாணம் முடிந்து நெளுக்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு வந்தபோது, என் உடுப்புப் பெட்டியில் கூறைச்சேலையைவிடக் கவனமாகச் சுற்றி வைத்தது ஓர் ஊறுகாய்ப் போத்தலைத்தான். தேசிக்காயில், அதுதான் எலுமிச்சம்பழத்தில், அம்மா போட்டுக் கொடுத்தது. எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து தோட்டம் செய்யத் தொடங்கிய குடும்பம். நான் வவுனியாவில் பிறந்தவள் என்றாலும் எங்கள் வீட்டு ஊறுகாய் இன்னும் மலையகத்து ஊறுகாய்தான். வெந்தயம் வறுத்து இடித்துப் போட வேண்டும், பெருங்காயம் மணக்க வேண்டும், நல்லெண்ணெய் மேலே ஒரு விரல் நிற்க வேண்டும். கரையில் அப்படி இல்லை. தேசிக்காயை நாலாகப் பிளந்து, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்து, பிழிந்த தேசிப்புளியிலேயே ஊற விடுவார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது.

நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கலியாணம். மாமி, என் கணவரின் அம்மா, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சந்தோசம் என்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லாத மனிதரோடு ஒரே குசினியில் நிற்பது எனக்குப் பெரிய கஷ்டம். எதையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு, அப்படியொரு பொறுமை கெட்ட பிறவி. இந்த வீட்டில் என்னை ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்பதை அம்மாவின் ஊறுகாயை மாமி தொடுகிறாரா என்று பார்த்தே முடிவு கட்டுவது என்று இருந்தேன்.

தோல் மெத்தென்று ஆகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. மாசியில் ஒரு புதன்கிழமை காலை, மாமி கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்தார். எங்கள் வீட்டு விபூதி மாதிரியேதான். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இன்றைக்கு நல்ல நாள்போல என்று நினைத்து, அன்று மத்தியானமே மூடியைத் திறந்து மாமியின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். குசினி முழுக்க வெந்தயமும் பெருங்காயமும் மணத்தது.

மாமி போத்தலைப் பார்த்தார். பிறகு மெல்ல ஒதுக்கி வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை, பிறகு பாப்பம்."

எங்கள் பக்கத்தில் விருப்பமில்லாத காரியத்தை யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ஊறப் போட்டுவிடுவார்கள். காணி உறுதி அரசாங்கக் கந்தோரில் ஊறும், கலியாணப் பேச்சு தரகரிடம் ஊறும். என்னையும் மாமி ஊறப் போட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து என் வயிற்றெரிச்சலைக் கூட்டினார். மாமி ஊறுகாய் இல்லாமல் ஒரு நாளும் சோற்றில் கைவைக்க மாட்டார், பாணுக்கும் தொட்டுக்கொள்வார் என்றார். அப்படியென்றால் பிரச்சினை ஊறுகாயில் இல்லை, கொண்டுவந்தவளில்தான். அம்மாவுக்கு போன் எடுத்து அழுதேன். அவங்களுக்கு எண்ணெய் ஒத்துக்காதோ என்னமோ, வேற மாதிரி போட்டுப் பாரு என்றார் அம்மா. கடலுக்குப் போய் வந்து களைத்திருந்த கணவரிடம் கேட்டேன். தன் அம்மாவுக்கு வாய் சரியில்லையாக்கும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

விடுவேனா. மாங்காயும் சின்ன வெங்காயமும் வெட்டி, வினாகிரி விட்டு அச்சாறு போட்டேன். அதற்கும் மாமி பிறகு பாப்பம் என்றார். கடைசியாக அவர்கள் முறையிலேயே தேசிக்காயைப் பிளந்து, உப்பு அடைத்து, சுளகில் பரப்பி முற்றத்தில் காயவைத்தேன். மழை இருட்டினால் என்னைவிட முந்தி ஓடிப்போய்ச் சுளகைத் தூக்கியது மாமிதான். ஒரு நாள் ஒரு தேசிக்காயை எடுத்துக் கண்ணை மூடி மணந்து பார்த்தார். முகம் சுளிக்கிறார் என்று நான் நினைத்தேன். அது ஊறித் தயாரானபோதும் அதே பதில்தான்.

அன்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அம்மா தந்த போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

பாஸ்கு ஞாயிறு வந்தது, ஈஸ்டர் பெருநாள். கோயில் முடிந்து வந்து, ஆட்டிறைச்சிக் கறியோடு எல்லோரும் சாப்பிட இருந்தோம். மாமி கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, அந்த எண்ணெய்ப் போத்தல் எங்க? நீ முதல் கொண்டந்தது."

கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மாமி எழும்பி, கோயிலுக்குக் கட்டிய சேலையோடேயே வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள் குனிந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் போத்தல் இருந்தது. அடியில் நாலைந்து துண்டும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் மிச்சம்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது வெக்கம்தான். கேட்டுட்டன்" என்றார்.

இனிச் சொல்லலாம் என்று மாமியே வாயைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. தவக்காலம் என்றால் இறைச்சி சாப்பிடாமல் இருப்பது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மீன்கறி எப்போதும்போல நடந்ததால் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. சாம்பல் பூசிய அந்தப் புதன்கிழமையிலிருந்து, தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை விடுவது அந்த வீட்டு வழக்கம். அதை ஒறுத்தல் என்பார்கள். எதை விட்டேன் என்று வெளியே சொல்லக் கூடாது, பெற்ற பிள்ளைக்குக்கூட. மாமி விட்டது ஊறுகாயை. நான் ஒரு மூடியைத் திறந்து தொடங்கி, வகைவகையாகப் போட்டு அவர் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஆண்டவரைச் சோதிக்கப் பசாசு வனாந்தரத்துக்கு வந்தது" என்றார் மாமி. "என்னைச் சோதிக்க நீ போத்தலோட குசினிக்கு வந்தனீ."

என் கணவர் சிரித்ததில் அவருக்குப் புரைக்கேறியது. மாமி சிரிக்கவில்லை. சுடுசோற்றில் கொஞ்சம் போத்தலுக்குள் போட்டு, குலுக்கி, எண்ணெயையும் மசாலையும் வழித்துக் கோப்பையில் கொட்டிக் குழைத்தார். முதல் கவளத்தை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாவதைத் தன் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சுளகடியில் நான் பார்த்த அதே முகம்.

"உங்கட அம்மாட்டச் சொல்லு" என்றார் கண்ணைத் திறந்து. "வாற தவக்காலத்துக்கு நான் மீனை விடுறன். இதை விடேலாது."

கடலை நம்பி அடுப்பு மூட்டும் வீடு அது. மீன் இல்லாத ஒரு நாளையும் நான் அங்கே கண்டதில்லை. கையில் கவளத்தோடு அழுதுவிட்டேன். பின்னேரம் அம்மாவுக்கு போன் எடுத்து, தேசிக்காய் வாங்கி வைக்கச் சொன்னேன்.