முஃப்லிஹா டீச்சரின் இலத்தீனும் உம்மா கேட்ட இடமும்

புத்தளத்தில் ஒரு டீச்சர் இலத்தீன் படிக்கிறாள் என்றால் யார் நம்புவார்? முஃப்லிஹா படித்தாள். பல்கலைக்கழகத்தில் தற்செயலாகத் தொற்றிக்கொண்ட பாஷை, நாற்பதை நெருங்கியும் விடவில்லை. ரோமர்கள் தங்கள் சரித்திரத்தை எப்படி எழுதினார்கள் என்பதுதான் முதுகலைப் பட்டத்துக்கு அவள் எடுத்த ஆய்வு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அகராதியோடு உட்கார்ந்துவிடுவாள். அயல் வீட்டார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த ரோமர்களோடு அவளுக்கு ஓயாத சண்டை. போர்க்களத்தில் செத்தவன் கடைசியாக என்ன பேசினான் என்று, நூறு வருஷம் கழித்துப் பிறந்தவன் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பான். "பச்சப் பொய்! இவரு பக்கத்துல நிண்டு கேட்டவராக்கும்!" என்று புத்தகத்தைத் திட்டுவாள். ஆய்விலும் அவர்களைத் தோலுரித்துத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் உம்மா பளீலாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. உம்மா கேட்டது ஒன்றே ஒன்று. தன்னை அஸாமுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் விரட்டப்பட்டபோது முஃப்லிஹாவுக்கு மூன்று வயது, தம்பி அஸாம் நாற்பது நாள் பிள்ளை. கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் காய்ச்சலில் மவுத்தானான். உம்மாவும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பிள்ளையைக் கற்பிட்டி மையவாடியில் அடக்கியதாக வாப்பா ஜபார் சொன்னார். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால், முப்பத்தைந்து வருஷமாக உம்மா மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே தெரியும் வேம்பைப் பார்த்தபடி யாசீன் ஓதிவிட்டு வருவார். கபுறுக்குழி எந்த இடம் என்று கேட்டால் வாப்பா எழும்பிப் போய்விடுவார்.

இந்த முறை முஃப்லிஹா விடவில்லை.

"வாப்பா, இடத்தச் சொல்லுங்க. உம்மாக்கு நாள் இல்ல."

"ஒண்ட ரோமாக்காரனிட்டப் போய்க் கேளு."

"அவன் பொய் சொல்லுவான். நீங்க சொல்லுங்க."

வாப்பா பிள்ளையைப் போல விம்மி அழுதார். "கபுறு இல்ல மவள். என்ஜின் பழுதாகி ரெண்டு நாள் கடலுக்குள்ள கெடந்தம். மையத்த இனி வச்சிருக்க ஏலாதெண்டுட்டாங்க. எண்ட ரெண்டு கையாலயும்தான் கடல்ல விட்டன். கரைக்கு வந்து ஒண்ட உம்மா கண் முழிச்சி, புள்ள எங்க எண்டு கேட்டா. மண்ணுக்குள்ள இரிக்கான் எண்டுட்டன். வேற என்னத்தச் சொல்ற?"

முஃப்லிஹா உம்மாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"வாப்பா சொன்னாரா மவள்?"

"ஓம் உம்மா. வேம்புக்கு மேற்கால, மதிலோரம்." குரல் தடுமாறாமல் தொடர்ந்தாள். "மண்ணப் போட முந்தி, 'பயப்படாத மகன், உம்மா பொறகு வருவா' எண்டு சொன்னாராம்."

"அப்பிடியா சொன்னாரு!" உம்மா வாய்விட்டு அழுதார். அழுகையினூடே முகம் மலர்ந்தது. முஃப்லிஹா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வாப்பாவைத் தேடிப்போய் இடத்தைச் சொன்னாள்.

பதினொரு நாள் கழித்து உம்மா மவுத்தானார். வேம்புக்கு மேற்கே அடக்கினார்கள். தலைமாட்டில் கபுறுக்கு அடையாளமாக மீசான் பலகை நட்டார்கள். வாப்பா இன்னொரு சின்னப் பலகை கேட்டு வாங்கி, பக்கத்து வெறும் மணலில் தன் கையாலேயே நட்டார்.