ஒரு குடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

ஏழாம் வகுப்பில் நான் வரைந்த பட்டை வரைபடத்தைச் சின்னதாக வரைந்திருக்கலாம் என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். அன்றும் மாட்டேன் என்றேன், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பள்ளியில் கணிதக் கண்காட்சி. தெரிந்த கணக்கு ஒன்றைப் படமாக்கி வரச் சொன்னார் டீச்சர். கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த கணக்கு குழாயடிதான். தெருவுக்குத் தினமும் எத்தனை குடம் தண்ணீர் கிடைக்கிறது என்று ஒரு மாதம் எண்ணினேன். பௌர்ணமி வந்தால் தண்ணீர் லாட்ஜுகள் பக்கம் போய்விடும். அது ஊருக்கே தெரியும், படமாக யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், வால்வைத் திறந்து மூடுகிறவர் என் தாய்மாமா.

படத்தை வெகுநேரம் பார்த்தவர் கோபப்படவில்லை. "ஒரு சென்டிமீட்டருக்கு இருநூறு குடம்னு போடு பாப்பா. எல்லாப் பட்டையும் தம்மாத்தூண்டா ஒரே மாதிரி தெரியும். கணக்கும் தப்பில்ல, வம்பும் கம்மி" என்றார்.

கணக்கில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமாவுக்கு வேலை போய்விடும் என்று அம்மா கெஞ்சினாள். நான் காதில் வாங்காமல் இரண்டு சார்ட் தாள்களை மேலும் கீழுமாக ஒட்டி, ஒரு குடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தேன். மற்ற நாட்களின் பட்டைகள் என் தோள் உயரம் நின்றன. பௌர்ணமிப் பட்டை முழங்காலுக்குக்கூட வரவில்லை.

கண்காட்சிக்கு விருந்தினர், பரிசுகள் வாங்கிக் கொடுத்திருந்த ஒரு லாட்ஜ் முதலாளி. அவர் என் படத்தின் முன் வந்து நின்ற நேரம் பார்த்துச் சுவரில் ஒட்டிய டேப் விட்டு, தாள் சரியத் தொடங்கியது. மாமா கூட்டத்திலிருந்து வந்தார். கிழிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ ஸ்டூலில் ஏறி, தாளின் மேல்முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதலாளி சிரித்தார். "வால்வை மூடுறதே உன் மாமாதானே பாப்பா?"

"நான்தாங்க மூடுறேன்" என்றார் மாமா, இறங்காமலே. "மூடச் சொல்றவங்களுக்கும் ஒரு பட்டை போடச் சொல்லட்டுங்களா?"

முதலாளி அடுத்த படத்துக்கு நகர்ந்தார். எனக்குப் பரிசும் வரவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வால்வில் வேறு ஆள். மாமா காலிக்குடத்தோடு எங்களுடன் வரிசையில் நின்றார். "ஒண்ணுகூட விடாம எண்ணு பாப்பா" என்றார். நான் எண்ணினேன். அவருக்கு வேலை போனது எனக்குப் புரிந்தது. வம்பே வேண்டாம் என்றவர், சரிந்த தாளை அப்படியே விட்டிருந்தால் போதுமே, ஏன் ஏறிப் பிடித்தார் என்பதுதான் அப்போது புரியவில்லை.