நான் எழுதிய வளைவு

கற்பனை ஒரு வரம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாரும் லோரி ஓட்டுவதில்லை போலிருக்கிறது.

என் கணவர் ஓட்டுகிறார். மலைமேல் திரிங்காப்பில், தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் காய்கறித் தோட்டத்திலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு காலையில் ஈப்போவுக்கு இறங்குவார். மாலையில் உர மூட்டைகளோடு மலையேறி வருவார். நான் தேயிலைத் தோட்டத்துக்குள், சுற்றுலாக்காரர்கள் வந்து உட்காரும் தேநீர்க் கடையில் வேலை செய்கிறேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தேயிலைச் சரிவு முழுவதும் தெரியும். வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். நான் அதற்கு மேலே மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்துவிட்டால் கை அது பாட்டுக்குத் தட்டுகளை எடுத்து வைக்கும், மனசு ஈப்போ சாலையில் கிடக்கும்.

பாதி வழியில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. எனக்கு அந்த நேரம் போதும். மண் சரியும், பிரேக் பிடிக்காது, எதிரே வரும் பஸ் கோட்டைத் தாண்டும். நான் எதையும் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. போலீஸ்காரர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து என் வீட்டை விசாரிப்பது, மாமியாரிடம் யார் போய்ச் சொல்வது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பது, மழையில் சாவுக் கொட்டகை போட ஆள் கிடைக்காமல் அலைவது என்று கடைசிவரை போய்விடுவேன். அப்புறம் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். "என்னா கொழம்பு?" என்பார். சாவு வீட்டிலிருந்து திரும்பியவள்போலக் கை கால் ஓய்ந்துபோய் நான் சோறு போடுவேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு கம்மி என்பார்.

நான் கதையும் எழுதுகிறேன். அதற்கென்று தனியாக ஒரு கற்பனை என்னிடம் இல்லை. எப்போதாவது இலக்கியக் கூட்டங்களில் கூப்பிட்டு மாலை போடுவார்கள், இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். மேடையில் மாலை வாங்கித் தருவதும், மழை வந்தால் வீட்டில் என்னைத் தாலியறுக்க வைப்பதும் ஒரே கற்பனைதான். இதை அங்கே சொல்ல முடியாது. இயற்கை, தனிமை என்று எதையாவது சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

போன மழைக்காலத்தில் இனித் தாங்காது என்று ஆகிவிட்டது. எழுதியாவது இறக்கி வைப்போம் என்று ஒரு கதை எழுதினேன். காய்கறி லோரி ஓட்டும் ஒருவன், வீடு திரும்பும் வழியில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்கிறான். அவ்வளவுதான் கதை. வளைவை மட்டும் நன்றாக எழுதினேன். இடது பக்கம் செம்மண் தெரிய அறுந்து நிற்கும் சரிவு, சாலையில் வழியும் ஓடைத் தண்ணீர், யாரோ நட்டு மஞ்சள் துணி கட்டிய ஒரு சூலம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் மழை பெய்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

லயத்தில்தான் யாரும் தூங்கவில்லை. எங்கள் வரிசையில் இன்னும் சில வீடுகளில் லோரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் தினமும் வைக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பத்திரிகையோடு என் அடுப்படிக்கே வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரரும் அதே சாலையில்தான் ஓட்டுகிறார்.

"ஏன் தங்கச்சி, வண்டி எடுக்கறப்ப போறேன்னு சொல்லக்கூட வாய் வராது நமக்கு. நீ பேப்பர்லயே போட்டுட்டியே."

"அது கதைக்கா."

"கதைதான், தெரியும்லா. லோரி நெசந்தானே."

அவரே வழியும் சொன்னார்.

"ரெண்டாம் பாகம்னு ஒன்னு எழுதிரு. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சிட்டான், வீட்டுக்கு வந்துட்டான்னு போடு. அதுவும் பேப்பர்ல வரணும். நமக்குள்ள சொல்லிக்கிட்டா ஆவாது."

சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். விடுமுறை நாளில் உட்கார்ந்து, 'அவன் கண்ணைத் திறந்தான்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. ஒரு சாவென்றால் கொட்டகைவரைக்கும் தானாக ஓடுகிற மனசு, ஒருவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதை நினைக்கச் சொன்னால் முரண்டு பிடித்தது. நல்லதை நினைக்க என் மனசைப் பழக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வருத்தமாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் என் கணவர் வாயே திறக்கவில்லை. அவர் கதை படிக்கிறவர் இல்லை. ஆனால் கம்போங் ராஜாவில் ஓட்டுநர்கள் காலையில் ரொட்டி சாப்பிடும் கடையில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் கடைக்காரர் என் கதையை முழுவதும் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் இவரும் கேட்டிருக்கிறார். எப்போது சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவர் என்னவென்றால் முன்னைவிட உற்சாகமாக இருந்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு வந்து சேர்ந்தார். நேரத்தோடு வண்டி திரும்புகிறதென்று தவுக்கேகூடப் பாராட்டினாராம். கதையெல்லாம் இவருக்கு உறைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் ஒரு விடுமுறை நாளில் அவரோடு லோரியிலேயே ஈப்போவுக்குக் கிளம்பினேன். அந்தச் சாலையில் நான் கண் திறந்து போனதே கிடையாது. சின்ன வயதிலிருந்தே மலை இறங்கினால் வாந்தி வரும், மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேன். அன்றைக்கு விழித்துக்கொண்டே போனேன். கம்போங் ராஜா தாண்டி இறக்கம் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் ஓட்டினார். வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது, பின்னால் கோஸ் கூடைகள் நகரும் சத்தம் கேட்டது. "மெதுவாப் போங்களேன்," என்றேன். "ஒன்னும் ஆவாது, கம்முனு வா," என்றார்.

திடீரென்று கியரைக் குறைத்தார். மற்றவற்றிலிருந்து எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு வளைவில் லோரி நடக்கிற வேகத்துக்கு வந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு தாண்டினார். தாண்டியதும் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். மறுபடி வேகம் பிடித்தார்.

"என்னங்க அது?"

"இதானே அந்த கோனர். செவப்பு மண்ணு, தண்ணி ஓடுது, எல்லாம் நீ எழுதுன மாரியே இருக்கு. சூலம்தான் காணோம், மழைல போயிருக்கும்."

நான் திரும்பி அந்த வளைவைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் ஒன்கிட்ட சொன்னதில்ல. இத்தன வருசமா இந்த ரோட்டுல ஒவ்வொரு கோனருக்கும் எனக்கு பயம்தான். கை வேத்துடும். நீ எழுதுனப்புறம் இது ஒன்னுதானேன்னு ஆயிடுச்சு. இத பாத்து தாண்டிட்டா மத்ததெல்லாம் சும்மா."

அவருக்கும் பயம் இருந்ததா? நான் கடையில் தட்டெடுத்துக்கொண்டே அவரைச் சாகடித்த அத்தனை சாயங்காலங்களிலும், அவரும் அந்த ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பொங்கி வந்த பிரியத்தை அங்கே எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. என் பயத்தை நான் ஒரு வளைவில் கொட்டிவிட்டுத் தூங்கியதுபோல அவரும் அதே வளைவில் கொட்டியிருக்கிறார். அது அவருக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. அதைப் பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் அடுத்த வளைவு வந்தது, வண்டி மறுபடியும் சாய்ந்தது, அவர் கை ஒன்று மடியில் கிடந்தது.

"அந்த எடம் எங்கயும் இல்லங்க," என்றேன். "நான் இந்த ரோட்ட பாத்ததே இல்ல. அடுப்படில ஒக்காந்து நானே கட்டி எழுதுனது."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப எந்த கோனரு?"

"தெரியாதுங்க."

மடியில் இருந்த கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். அடுத்த வளைவில் கியரைக் குறைத்தார். அதற்கடுத்ததிலும் குறைத்தார். ஈப்போ போய்ச் சேரும்வரை ஒரு வளைவையும் விடவில்லை. அவர் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

இப்போது மழை நாட்களில் அவர் வீடு வர முன்னைவிட நேரமாகிறது. தவுக்கே முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். அந்தக் கூடுதல் நேரத்தையும் நான் வீணாக்குவதில்லை, அவரை இன்னொரு முறை சாகடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா இரண்டாம் பாகம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு என் கணவர் உள்ளே வருகிறார். என்ன குழம்பு என்று கேட்பதில்லை. அவரும் சாவு வீட்டிலிருந்து திரும்பியவர்போலப் போட்டதைச் சாப்பிடுகிறார். எதிரே நானும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.